கொலோமியா, கோசிவ்: கார்ப்பாத்தியன் மலையடிவாரத்தில் நான்கு நாட்கள் தங்கிவர வழிகாட்ட வேண்டுகிறேன்

கேள்வி: விஸ்துலாக்கரையான்

அனைவருக்கும் வணக்கம். நான் ஆறு ஆண்டுகளாகப் போலந்தின் கிராக்கோவ் நகரில் வேலை பார்த்து வருகிறேன். என் மனைவி மண்பாண்டக் கலையை முறையாகப் பயின்றவர். வீட்டு நிலவறையில் சிறிய மின்சூளை ஒன்றை வைத்துக் கிண்ணங்களும் குவளைகளும் செய்து வருகிறார். சென்ற மாதம் இங்குள்ள பழம்பொருள் சந்தையில், பச்சை, மஞ்சள், பழுப்பு ஆகிய மூன்றே நிறங்களில் மான் ஒன்று தீட்டப்பட்டிருந்த பழைய தட்டு ஒன்றை அவர் கையில் எடுத்தார். வெகுநேரம் கீழே வைக்கவில்லை. பச்சை நிறம் மட்டும் கோட்டைத் தாண்டி, மழைத்துளி பட்ட மை போல, வெள்ளைப் பரப்பில் கசிந்திருந்தது. அது உக்ரைனின் மேற்குப் பகுதியிலுள்ள கோசிவ் என்ற ஊரில் செய்யப்பட்டது என்று விற்றவர் சொன்னார். அன்று முதல் எங்கள் வீட்டில் அந்த ஊரைப் பற்றித்தான் பேச்சு.

தேடிப் படித்ததில், கோசிவ் பத்தாயிரம் பேர்கூட இல்லாத மலையடிவாரச் சிற்றூர் என்பதும், அதற்குப் போகும் வழியில் கொலோமியா என்ற சற்றே பெரிய நகரம் இருக்கிறது என்பதும், சுற்றியுள்ள மலைகளில் வாழும் ஹுத்சூல் மக்களின் கைவினைகளுக்கு இவ்விரண்டு ஊர்களுமே வாசல் போன்றவை என்பதும் தெரிந்தன. நான்கு நாட்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஒன்பது வயது மகளையும் அழைத்துச் சென்றுவர விரும்புகிறோம்.

எந்த ஊரில் தங்குவது, எந்தக் கிழமையில் போய்ச் சேர்வது, சைவ உணவு உண்பவர்களுக்கு அங்கு என்ன கிடைக்கும் என்பவற்றைச் சென்றுவந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். போர் நடக்கும் நாட்டுக்குச் சுற்றிப் பார்க்கப் போவது சரிதானா என்ற கேள்வியும் மனத்தை அரிக்கிறது. அதற்கும் ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்லுங்கள்.

பதில்: நெல்லை மருத்துவர்

வணக்கம் அண்ணா. நான் 2016 முதல் 2022 வரை இவானோ-பிராங்கிவ்ஸ்க் நகரில் மருத்துவம் படித்தேன். அங்கிருந்து கொலோமியா ஏறத்தாழ 60 கிலோமீட்டர். உடற்கூற்றியல் தேர்வு முடிந்த ஒரு சனிக்கிழமையில், 'மார்ஷ்ருத்கா' என்று அங்கே சொல்லும் சிற்றுந்தில் நண்பர்களோடு முதன்முதலாகப் போனேன். அதன்பின் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது போகாமல் இருந்ததில்லை. ஆகவே அந்த ஊரைப் பற்றி எழுதும்போது எனக்குப் பற்று கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

கொலோமியா புரூத் ஆற்றின் கரையில், ஏறத்தாழ 60,000 பேர் வாழும் நகரம். 1241ஆம் ஆண்டிலேயே வரலாற்றுக் குறிப்பில் இடம்பெற்ற ஊர் என்றாலும், இன்று கண்ணில் படும் நகரம் பெரும்பாலும் ஆஸ்திரியப் பேரரசின் காலத்தில் எழுந்தது: இரண்டு மூன்று மாடி வீடுகள், இரும்புப் பூவேலை செய்த பால்கனிகள், 1877இல் கட்டிய மாநகர மன்றத்தின் கோபுரம். லிவிவ்–செர்னிவ்ட்சி ரயில்பாதை 1866இல் இவ்வழியே வந்த பிறகு, மலையிலிருந்து இறங்கும் மரமும் கம்பளியும் மண்பாண்டமும் கைமாறும் இடமாக ஊர் வளர்ந்தது. மையப் பகுதியை அரை நாளில் நடந்தே பார்த்துவிடலாம்.

பலரும் அங்கே போவது பிசங்கா அருங்காட்சியகத்துக்காக. பிசங்கா என்பது மெழுகும் சாயமும் கொண்டு கோலமிட்ட முட்டை. 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இந்த அருங்காட்சியகத்தின் முகப்பே ஏறத்தாழ 14 மீட்டர் உயரமுள்ள ஒரு முட்டைதான். வந்தவர்களில் பாதிப் பேர் அதன் முன்னே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உள்ளே ஆயிரக்கணக்கான முட்டைகள் ஊர் ஊராகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன; ஒரு மணி நேரம் பொறுமையாகப் பார்த்தால், கோஸ்மாச் என்ற மலைக் கிராமத்து முட்டையைத் தனியே கண்டுபிடிக்கும் அளவுக்குக் கண் பழகிவிடும். செம்மஞ்சளும் மஞ்சளும் மினுங்க, தலைமுடி அளவுக் கோடுகளால் முழுப் பரப்பையும் நிரப்புவது அவர்கள் வழக்கம்.

செய்முறையை ஒரு முறை என் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். வயதான அம்மா ஒருவர், குச்சியின் நுனியில் கட்டிய சிறு செம்புக் குழலைச் சுடரில் காட்டி, அதில் தேன்மெழுகைத் தொட்டு, வெள்ளை முட்டையில் கோடிட்டார். வெள்ளையாகவே இருக்க வேண்டிய இடங்களுக்கு மட்டும் அந்த மெழுகு. பிறகு மஞ்சள் சாயத்தில் முக்கி, மஞ்சளாக நிற்க வேண்டிய இடங்களுக்கு மெழுகு; அடுத்து செம்மஞ்சள், சிவப்பு, கடைசியில் கறுப்பு. பாத்திக் துணி செய்பவர்களுக்குத் தெரிந்த அதே முறைதான். எல்லாம் முடிந்தபோது அவர் கையில் இருந்தது கரிபிடித்த ஓர் உருண்டை. அதைச் சுடருக்கு மேலே பிடிக்காமல் பக்கவாட்டில் பிடித்து, மெழுகு இளகிய இடத்தைத் துணியால் ஒற்றி எடுத்தார். ஒவ்வோர் ஒற்றலுக்கும் ஒரு நிறம் வெளியே வந்தது. உலகில் பிசங்கா எழுதப்படும் வரை தீய சக்தி சங்கிலியில் கட்டுண்டு கிடக்கும், எழுதுவது குறைந்தால் சங்கிலி தளரும் என்பது ஹுத்சூல் மக்களின் பழங்கதை. அந்த அம்மா அதைக் கதையாகச் சொல்லவில்லை. அன்றாட வேலைக்கான காரணமாகவே சொன்னார். 2024இல் இக்கலை யுனெஸ்கோவின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்ந்தது என்ற செய்தியைப் படித்தபோது அவர் நினைவுதான் முதலில் வந்தது.

அண்ணிக்கு உரிய இடம் மற்றோர் அருங்காட்சியகம்: ஹுத்சூல் வட்டார, போகுத்தியா வட்டார நாட்டுப்புறக் கலைகளுக்கானது. 1926இல் தொடங்கப்பட்டது, 1902இல் கட்டிய மக்கள் மன்றக் கட்டடத்தில் இயங்குகிறது. அங்கே 19ஆம் நூற்றாண்டுக் கோசிவ் கலைஞர் ஒலெக்சா பஹ்மாத்தியுக்கின் அடுப்பு ஓடுகளைப் பாருங்கள். குளிர் காயும் பெரிய அடுப்பின் முகப்பில் பதித்த ஓடுகள் அவை; ஒவ்வோர் ஓட்டிலும் ஒரு சிப்பாய், ஒரு வேட்டைக்காரர், ஒரு புனிதர், ஓர் இசைக்கலைஞர் என்று ஊர் வாழ்க்கை முழுவதும் இருக்கும். இத்தகைய கைவினைகளைத் திரட்டி 1880இல் கொலோமியாவில் நடத்திய கண்காட்சிக்குப் பேரரசர் பிரான்ஸ் யோசப்பே நேரில் வந்தார். அதே ஆண்டில்தான் எழுத்தாளர் இவான் பிராங்கோ இந்த ஊர்ச் சிறையில் அடைக்கப்பட்டிருந்தார். நான் படித்த நகரத்துக்கு 1962இல் சூட்டிய பெயர் அவருடையது.

1587ஆம் ஆண்டைச் சேர்ந்த மரத் தேவாலயம் ஒன்றும் ஊரில் உண்டு. போருக்கு முந்தைய கொலோமியாவில் யூதர்கள் பெருந்தொகையாக வாழ்ந்தார்கள் என்பதையும், இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகள் அவர்களைப் பெல்ஜெட்ஸ் முகாமுக்கும் பக்கத்திலுள்ள காட்டுக்கும் கொண்டுபோய்க் கொன்றார்கள் என்பதையும் அறிந்துகொண்டு அந்தத் தெருக்களில் நடப்பது நல்லது.

உணவைப் பற்றிக் கவலை வேண்டாம். பனோஷ் என்று கேளுங்கள். புளித்த பாலாடையில் மக்காச்சோள ரவையைக் கிளறி, மேலே பிரிண்ட்சா என்னும் ஆட்டுப்பாலாடைக்கட்டியை உதிர்த்துத் தருவார்கள். பன்றிக்கொழுப்புப் பொரியலையும் தூவுவது வழக்கம் என்பதால், 'ஷ்க்வார்க்கி வேண்டாம்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காளானும் உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டையும் எங்கும் கிடைக்கும்.

பதில்: மண்ணும் நெருப்பும்

தம்பி, நான் புதுச்சேரியில் முப்பது ஆண்டுகளாகச் சூளை வைத்துப் பிழைப்பவள். 2019இல் கோசிவில் பத்து நாட்கள் தங்கினேன். மருத்துவத் தம்பி கொலோமியாவை அழகாகச் சொல்லிவிட்டார். ஆனால் உங்கள் மனைவியின் ஊர் கோசிவ்தான். முதல் நாள் கொலோமியாவில் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமை மாலைக்குள் கோசிவ் போய்ச் சேருங்கள். இடையில் 35 கிலோமீட்டர்தான். சிற்றுந்தில் ஒரு மணி நேரம் ஆகும். சனிக்கிழமை விடிவதற்கு முன்பே சந்தை கூடிவிடும், உச்சிப்பொழுதுக்குள் கலைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வந்து நின்று, வெறுங்கையோடு திரும்பிய வெளியூர்க்காரர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தட்டில் பச்சை கசிந்திருந்தது என்று எழுதியிருந்தீர்கள். அது பிழையன்று, கோசிவ் பாண்டத்தின் அடையாளமே அதுதான். குயவர் சக்கரத்தில் வனைந்த பாண்டம் பாதி காய்ந்த பதத்தில் இருக்கும்போது வெள்ளைக் களிமண் குழம்பை மேலே ஊற்றி மூடுகிறார்கள். அந்த வெண்மை ஈரம் இழந்ததும் எழுத்தாணி போன்ற ஓர் உலோக ஊசியால் கீறுகிறார்கள். கீறிய இடத்தில் அடிமண்ணின் நிறம் கோடாகத் தெரியும். ஒரு முறை சுட்டு, வண்ணமிட்டு, கண்ணாடி மெருகு பூசி, மறுபடியும் சூளையில் வைக்கிறார்கள். பச்சைக்குத் தாமிர ஆக்சைடு. இரண்டாவது சூட்டில் மெருகு உருகும்போது தாமிரம் அதோடு கலந்து ஓடும். பழுப்பும் மஞ்சளும் அந்த அளவுக்கு ஓடுவதில்லை. அப்படி ஓடி நின்ற பச்சைத் தடத்தை அவர்கள் 'கண்ணீர்' என்கிறார்கள். கோட்டுக்குள் அடங்கிய பச்சையைக் கண்டால் நான் வாங்கத் தயங்குவேன்.

அங்கே ஒரு பட்டறையில் என்னிடம் ஊசியைக் கொடுத்து மான் ஒன்றைக் கீறச் சொன்னார்கள். நான் முதலில் பென்சிலால் வரைந்துகொள்ளப் பார்த்தேன். பட்டறைக்கார அம்மா பென்சிலை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார். கீறல் ஒரே இழுப்பில் வர வேண்டும், திருத்துவதற்கு இடமில்லை. ஏழாவது தட்டில்தான் என் மானுக்குக் கால்கள் தரையில் ஊன்றின. அவர் பேசிய மொழி எனக்குப் புரியவில்லை. என் தமிழ் அவருக்குப் புரியவில்லை. ஆனால் களிமண் எப்போது பதம், எப்போது கடந்துவிட்டது என்பதில் எங்களுக்குள் ஒரு முறைகூடக் கருத்து மாறுபாடு எழவில்லை.

இந்த மரபு 2019 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ஆனால் அதை உயிரோடு வைத்திருப்பது பட்டறைகளும், 1882இல் நெசவுப் பள்ளியாகத் தொடங்கி இன்று கலைக் கல்லூரியாக வளர்ந்திருக்கும் நிறுவனமும்தான். அங்கே மண்பாண்டம், மரச்செதுக்கு, நெசவு, தோல்வேலை எல்லாம் கற்பிக்கிறார்கள். ஊரில் யாரைக் கேட்டாலும், வீட்டில் ஒருவராவது அங்கே படித்தவராக இருப்பார். 20ஆம் நூற்றாண்டில் இந்தப் பாண்டங்களுக்குப் பெரும்பெயர் வாங்கித் தந்தவர் பவ்லீனா த்ஸ்வீலிக் என்ற பெண்மணி. அவருடைய பாண்டங்களை அருங்காட்சியகத்தில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான்காம் நாளை யாவோரிவ் கிராமத்துக்கு ஒதுக்குங்கள். இதே பெயரில் போலந்து எல்லைப் பக்கமும் ஓர் ஊர் உண்டு. பயணச்சீட்டு எடுக்கும்போது கவனம். கோசிவுக்கு அருகிலுள்ள இந்த யாவோரிவில் லீஷ்னிக் என்னும் கம்பளிப் போர்வை நெய்கிறார்கள். தறியிலிருந்து இறங்கும்போது அது முரட்டு வலை போல இருக்கும். அதை ஓடைநீர் மேலிருந்து விழுந்து சுழலும் ஒரு மரத்தொட்டியில் போட்டு மணிக்கணக்கில் புரளவிடுவார்கள். நீரின் அடியில் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு தடித்துவிடும். பிறகு சீப்பால் வாரி மயிரை எழுப்பி வெயிலில் காயவைப்பார்கள். விலை அதிகம் என்று தோன்றினால், அந்தத் தொட்டியின் ஓரம் அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டுப் பிறகு பேரம் பேசலாமா என்று யோசியுங்கள். நான் பேசவில்லை.

ஓர் எச்சரிக்கை. பழம்பொருள் சந்தையில் வாங்கும் பழைய தட்டுகளில் ஈயம் கலந்த மெருகு இருக்கக்கூடும். அவற்றைச் சுவரில் மாட்டுங்கள், உணவு பரிமாறாதீர்கள். புதிதாக வாங்கும்போதும் சாப்பாட்டுக்கு உகந்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

போவது சரியா என்று கேட்டீர்கள். அந்தப் பட்டறைகள் எதிர்பார்ப்பது வந்து பார்த்து வாங்குபவரைத்தான். போகலாம் என்றே சொல்வேன்.

பதில்: வார்சா பயணி

அம்மா சொன்னதன் நியாயம் புரிகிறது. இருந்தாலும் 2022க்குப் பிறகு நிவாரணப் பொருட்களோடு பலமுறை எல்லையைக் கடந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

மேற்கு உக்ரைன் பாதுகாப்பானது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். போர்முனையோடு ஒப்பிட்டால் அது உண்மை. அதற்கு மேல் உண்மையன்று. 2022 பிப்ரவரி 24 அன்று, போர் தொடங்கிய அந்த விடியற்காலையிலேயே இவானோ-பிராங்கிவ்ஸ்க் விமான நிலையம் தாக்கப்பட்டது. மருத்துவர் தம்பிக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். 2023 ஆகஸ்டில் கொலோமியா வட்டாரத்தில் ஏவுகணைத் தாக்குதலில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். உங்கள் மகளை அழைத்துச் செல்ல வேண்டாம் என்பதை மட்டும் எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்கிறேன்.

பெரியவர்கள் போவதென்றால், போலந்து வசிப்பு அட்டை இருந்தாலும் இந்தியக் கடவுச்சீட்டுக்கு உக்ரைன் விசா தனியே வேண்டும். இந்திய அரசின் பயண அறிவுரையையும் கிளம்பும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வான்வழி மூடப்பட்டிருக்கிறது, போலந்தின் எல்லையோர நகரமான ப்ஷெமிஷ்ல் வரை சென்று, அங்கிருந்து ரயிலிலோ பேருந்திலோ லிவிவ் போய், மறுபடியும் ரயில் மாறிக் கொலோமியா சேரலாம். எல்லையில் எத்தனை மணி நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே நான்கு நாள் விடுப்பில் முழுதாக இரண்டரை நாள்கூடக் கையில் நிற்காது. ஆறு நாட்களாவது வையுங்கள். இரவில் ஊரடங்கு உண்டு. வான்தாக்குதல் எச்சரிக்கைச் செயலியைக் கைப்பேசியில் போட்டுக்கொண்டு, தங்குமிடத்தில் பதுங்கறை எங்கே என்று முதல் வேலையாகக் கேளுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பெரும்பாலும் போர்ச் சேதத்தை ஏற்பதில்லை. சோதனைச் சாவடி, சிப்பாய், பாலம், மின்நிலையம் ஆகியவற்றைப் படம் எடுக்கவே கூடாது.

இன்னொன்று. அந்த ஊர்களில் நடந்துகொண்டிருக்கும்போது திடீரென்று தெருவே அமைதியாகி, மக்கள் சாலையோரத்தில் முழந்தாளிடுவதைப் பார்க்க நேரலாம். போர்முனையில் இறந்த ஒருவரின் உடல் சொந்த ஊருக்கு வருகிறது என்று பொருள். கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு நீங்களும் அவர்களோடு முழந்தாளிடுங்கள், அல்லது தலைகுனிந்து நில்லுங்கள். வாகனம் கண்ணிலிருந்து மறையும் வரை நகராதீர்கள்.

பதில்: நெல்லை மருத்துவர்

ஆம் அண்ணா, அந்த விடியற்காலை வெடிச்சத்தத்தில்தான் எங்கள் விடுதி எழுந்தது. இரண்டு நாள் கழித்துச் செர்னிவ்ட்சி வழியாக ருமேனிய எல்லைக்குக் கிளம்பினோம். கடைசிச் சில கிலோமீட்டர் பனியில் நடந்தே போனோம். வழியில் ஒரு கிராமத்துப் பெண்கள் மேசை போட்டுத் தேநீரும் ரொட்டியும் கொடுத்தார்கள். எங்கள் நாடு எது என்றுகூட அவர்கள் கேட்கவில்லை. என் பெட்டியில் கொலோமியாவில் வாங்கிய பிசங்கா ஒன்று இருந்தது. இப்போது அது திருநெல்வேலியில், எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. மீண்டும் போக வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு; ஆனால் குழந்தையோடு இப்போது போகச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

மறுமொழி: விஸ்துலாக்கரையான்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் மீண்டும் படித்தோம். நானும் மகளும் இங்கேயே இருப்பது என்றும், எங்களுக்குத் தெரிந்த உக்ரைனியத் தோழி ஒருவர் மே மாதம் தம் பெற்றோரைப் பார்க்கப் போகும்போது என் மனைவி மட்டும் அவரோடு ஒரு வாரம் போய்வருவது என்றும் முடிவு செய்தோம். அதில் மூன்று நாள் கோசிவ் பட்டறை ஒன்றில் கழியும். விசாவுக்கான வேலையைத் தொடங்கிவிட்டோம். போக முடியாமல் போனதில் மகளுக்கு வருத்தம்தான். தனக்காக ஒரு கோஸ்மாச் முட்டை வந்தாக வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். பேருந்திலும் ரயிலிலும் மாறி மாறி வரும் பயணத்தில் அது உடையாமல் வந்து சேருமா?

பதில்: மண்ணும் நெருப்பும்

சேரும் தம்பி. வாங்கும்போது, உள்ளே இருப்பதை ஊதி எடுத்த முட்டையா என்று கேட்கச் சொல்லுங்கள். அடியில் ஊசித் துளை தெரியும். மரபுப்படி முழு முட்டையிலேயே எழுதுவார்கள். பல ஆண்டுகளில் அது உள்ளேயே வற்றி, குலுக்கினால் மணி போல் ஒலிக்கும். ஆனால் புதிதாக இருக்கும்போது வழியில் விரிசல் விட்டால் பெட்டி முழுவதும் நாறிவிடும். ஊதிய முட்டையைக் கம்பளித் துண்டில் சுற்றி, மூடியுள்ள மண்குவளைக்குள் வைத்து, அந்தக் குவளையைத் துணிகளின் நடுவே பொதிய வேண்டும். வீட்டுக்கு வந்தபின் நேர்வெயில் படும் சன்னலில் வைக்க வேண்டாம், சாயம் வெளுத்துவிடும். உங்கள் மனைவி அங்கே கீறிய முதல் தட்டையும் மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள். மானுக்குக் கால் கோணியிருந்தாலும் பரவாயில்லை.